பின்னர்

மாநகராட்சிக்காரர்கள் செவலையைப் பிடித்துப்போன செவ்வாய்க்கிழமை
இங்கிலாந்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது.
தபால்காரர் வண்டியை நிறுத்தாமலே
"பின்னர் சார்!" என்று கத்தி, கேட்டுக்குள் எறிந்தார்.

அப்படித்தான் கூப்பிடுகிறது சத்துவாச்சாரி.
ரேஷன் அட்டையில் பின்னர். கேஸ் புத்தகத்தில் பின்னர்.
"பேர் என்னங்க?"
"பின்டர்."
"பின்னர்னா எப்போ? இப்பவே சொல்லுங்க, கியூ நிக்குது."
அறுபத்தோரு வயதில் இதற்கு நான் சிரிப்பதில்லை,
முறைப்பதுமில்லை.

எழுதியவர் ஹ்யூபர்ட் பின்டர், யார்க்‌ஷயர்,
ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.
நடுவே ஐ போடும் பின்டர்கள் எங்கேயும் உண்டாம்.
எங்களைப்போல் ஒய் போடுகிறவர்கள்
அவர் தேடியவரை பதினேழு பேர்.
நான் பதினெட்டாவது. வாழ்த்துகள் என்று முடித்திருந்தார்,
ஏதோ பரீட்சையில் நான் பாஸானதுபோல.

இரண்டாம் பக்கத்தில் பெயர் பிறந்த கதை.
வேலி தாண்டி அடுத்தவன் கதிரில் வாய்வைத்த மாட்டை
ஓட்டிவந்து, கல்சுவருக்குள் அடைத்து,
காசு வாங்கிக்கொண்டு அவிழ்த்துவிடுகிறவனுக்கு
அந்தக் காலத்து அந்த ஊரில் பின்டர் என்று பெயர்.
பிறகு வேலை போயிற்று. சுவர் சரிந்தது.
பெயர் மட்டும் பிள்ளைகுட்டிகள் துணியில்
நாயுருவியாய் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டிவிட்டது.

அடுக்களையிலிருந்து குணவதி கேட்டாள்:
"அதாவது, பவுண்டுக்காரன்?"
ஆமாம்.
"மாடு பிடிக்கிற பரம்பரை. நல்லாருக்கு. சட்டையைப் போடுங்க,
நேரமானா நாளைத் தீவனத்துக்கும் சேர்த்துக் கேப்பான்."

மிச்சப் பக்கங்கள் ஆட்டோவில்.
ஜோசையா பின்டர், லாடக்காரன்.
குதிரைப்படையோடு ராணிப்பேட்டை வந்தவன்.
பாலாற்று மணலில் லாடம் தளர்ந்துகொண்டே இருந்திருக்கும்,
அவனுக்கு வேலை குறைந்திருக்காது.
திருமணப் பதிவேட்டின் நகல் மங்கலாக இருந்தது.
அவன் பெயர், அவன் அப்பன் பெயர், படைப்பிரிவு, பிறந்த ஊர்.
மணப்பெண்: மேரி, இந்நாட்டவள்.
அவ்வளவுதான்.
மேரி என்பது பாதிரியார் ஊற்றிய தண்ணீரில் வந்தது.
அதற்கு முந்தின பெயரை,
ஆற்றங்கரையில் யாரோ அவளை இரைந்து கூப்பிட்ட பெயரை,
எழுத ஒருவருக்கும் மை மிஞ்சவில்லை.

உங்கள் பக்கத்து விவரம் ஏதும் உண்டா என்று ஹ்யூபர்ட் கேட்கிறார்.
உண்டு ஹ்யூபர்ட். முகம் இருக்கிறது.
கண்ணாடியில் ஜோசையாவைத் தேடினால்
இரண்டு காதுகள் அகப்படும், மற்றதெல்லாம் அவள்.
பதினெட்டுப் பேர் சுமக்கும் பெயரை அபூர்வம் என்கிறீர்கள்.
ஒருவர்கூடச் சுமக்காததை
உங்கள் பட்டியலில் எந்த வரிசையில் வைப்பீர்கள்?

தொரப்பாடி தாண்டித் தகரக்கொட்டகை.
கல்சுவர் இல்லை, சிமெண்ட் பிளாக்.
மாடு பிடிக்கும் பையன் கஜபதிக்கு
முழங்கையில் கொம்பு கீறிய காயம், ரத்தம் காயவில்லை.
"தம்பி, நானும் உன் ஆள்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.
அபராதம் குறையாது. சொல்லவில்லை.
இரண்டாயிரம், தீவனத்துக்கு இருநூறு.

எழுத்தர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.
"மாடு யார் பேர்ல?"
"என் பேர்லதான். எங்கப்பா ஓட்டியாந்து விட்ட மாட்டோட கன்னு."
ஊர், தலைப்பெழுத்து ஒன்றும் விடாமல் சொன்னாள்:
கணியம்பாடி தே. குணவதி.
அவர் எழுத எழுத மேசைமேல் குனிந்து பார்த்தாள்.
"மூணு சுழி 'ண'ங்க" என்று திருத்தவும் வைத்தாள்.
அந்தக் குரலுக்கு உள்ளேயிருந்து
செவலை கத்தத் தொடங்கியது.

அவள் பெயருக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்.
கணவர் பெயர்.
கேட்டார், சொன்னேன்.
என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
முதல்முறையாக ஒருவர் அதைச் சரியாக எழுதினார்:
பின்னர்.